நினைவுக்கு ஒரு மர உருவம்: எதை, எந்த மரத்தில், எதனால் செதுக்குவது?

ஓய்வு பெறும் ஒருவருக்காக, ஐம்பதாவது மணநாள் காணும் பெற்றோருக்காக, செத்துப்போன நாயின் நினைவாக என்று கையாலேயே ஒரு மர உருவம் செதுக்கிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "என்ன கத்தி வாங்கலாம்?" என்பதைத்தான். அடுத்து மரத்தைப் பற்றிக் கேட்பார்கள். என்ன உருவம் என்று நாம் கேட்டால், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் பதில் வரும்: "அவரைப் போலவே இருக்கணும், அவ்வளவுதான்."

இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. உருவத்தின் வகையை முடிவு செய்துவிட்டால் மரம் பாதி முடிவாகிவிடும். மரம் முடிவானால் கருவியைப் பற்றிப் பெரிய விவாதம் இருக்காது. கத்தியிலிருந்து ஆரம்பித்தால் மூன்றிலும் இழுபறிதான். இதற்கு முன் செதுக்கியே பழகாதவர், அல்லது ஓரிரு கரண்டி, ஒரு சிறு பறவை என்று தொட்டுப் பார்த்தவர், கையில் சில வாரங்கள் அவகாசம் இருப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முகமா, நிற்கும் விதமா?

முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறக்குறைய அவர் தலையின் ஏழரை மடங்கு. மேசையில் வைக்க வசதியாக 15 செ.மீ. உயரத்தில் ஒரு முழு உருவம் செதுக்கினால் தலை 2 செ.மீ. வரும். தலையின் அகலம் ஒன்றேகால் செ.மீ. சொச்சம். முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கண் என்பது ஓவியர்களின் பழைய அளவு. அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கும் கண்ணின் அகலம் மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் இமை, விழி, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் வர வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் அப்பா வேறு யாரோ ஆகிவிடுவார். அனுபவசாலிகளே இந்த அளவில் முகச்சாயலுக்கு மெனக்கெடுவதில்லை; இரண்டு வெட்டில் கண்குழி, ஒரு முக்கோணத்தில் மூக்கு, அதோடு விட்டுவிடுவார்கள்.

கண் ஒரு செ.மீ. அகலம் வந்தால் ஓரளவு கை ஓடும். ஆனால் அதற்குத் தலை ஏழரை செ.மீ. இருக்க வேண்டும், முழு உருவம் அரை மீட்டரைத் தாண்டிவிடும். முகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் முழு உருவத்தை விட்டுவிட்டு மார்பளவு உருவத்துக்கு வருவது நல்லது. எகிப்தில் சக்காராவில் கிடைத்த கா-அப்பேர் சிலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு பழையது, சிக்கமோர் அத்தி மரத்தில் செய்தது. 1860 வாக்கில் அதைத் தோண்டி எடுத்த வேலையாட்களுக்கு அது தங்கள் ஊர்த் தலைவரை அப்படியே உரித்து வைத்ததுபோல் தெரிந்ததால், இன்றுவரை அதற்கு 'ஊர்த் தலைவர்' என்ற பட்டப்பெயர் நிலைத்திருக்கிறது. அந்தச் சிலையின் உயரம் ஒரு மீட்டருக்கு மேல். முகம் பேசுவதற்கு அங்கே இடம் இருக்கிறது. அப்போதும்கூட அந்தப் பெருத்த வயிறும் கையில் கோலூன்றி ஓரடி முன்வைத்து நிற்கும் தோரணையும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்தவரைத் தெருக்கோடியில் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். முகம் தெரியாத தூரம் அது. லேசாக ஒரு தோள் சாய்ந்திருக்கும், கைகள் பின்னால் கட்டியிருக்கும், பை எப்போதும் இடது கக்கத்தில் இருக்கும். சிறிய மர உருவத்தில் சாயல் என்பது இதுதான். ஸ்வீடன் நாட்டுச் சிற்பி ஆக்செல் பீட்டர்சன் (1868–1925) ஆல்டர் மரத்தில் கிராமத்து மனிதர்களைச் செதுக்கினார். கல்யாணம், சாவு வீடு, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது என்று கும்பல் கும்பலாக. முகங்களில் நுணுக்கம் இருக்காது. கத்தி வெட்டிய தட்டையான முகப்புகளை அப்படியே விட்டிருப்பார், உப்புத்தாள் போட்டு மழுப்ப மாட்டார். ஆனால் யார் கோபக்காரர், யாருக்கு முழங்கால் வலி என்று நமக்குத் தெரிந்துவிடும். இந்தத் தட்டைவெட்டு முறைதான் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரை. சுலபம் என்பது மட்டும் காரணமில்லை. சிறிய அளவில் சாயலைக் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அதற்குத் தேவை நல்ல புகைப்படங்கள். முகத்தை நெருக்கமாக எடுத்த படம் இதற்கு உதவாது. அவர் கவனிக்காதபோது தூரத்திலிருந்து எடுத்த படம், முதுகுப் பக்கம் தெரியும் படம், நடந்துபோகும் வீடியோவில் ஒரு நொடி என்று தேடுங்கள். அதை நிழலுருவமாகக் கறுப்பு அடித்துப் பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்குக் காட்டும்போது "அட, மாமா!" என்று வந்தால் மேலே போகலாம். வரவில்லையென்றால் மரத்தைத் தொட வேண்டாம். எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் மரத்திலும் அது வரப்போவதில்லை.

புடைப்புச் சிற்பத்தைப் பலர் 'பாதி வேலை' என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு செ.மீ. கனமுள்ள பலகை, படத்தைக் கார்பன் தாளில் நகல் எடுத்து ஒட்டிவிடலாம், பின்பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் ஒரு முகத்தின் ஆழத்தை ஒரு செ.மீ.க்குள் நசுக்கிக் காட்டுவது முழு உருவத்தைவிடக் கடினமான வித்தை. மூக்கு எவ்வளவு எழ வேண்டும், காது எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் கண்ணை ஏமாற்றும் கணக்கு. அதனால் மனிதரை நினைவுகூரப் புடைப்பு வேண்டாம். விற்றுவிட்ட வீடு, ஓட்டிய படகு, வாசித்த வாத்தியம், வாசலில் இருந்த மரம் ஆகியவற்றை நினைவுகூரப் புடைப்பைப் போல வசதியானது வேறில்லை.

நாய், பூனைக்கு ஒரு எச்சரிக்கை. நின்றுகொண்டு வாலை ஆட்டும் நாய்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நாலு ஒல்லிக் கால், ஒரு வால், இரண்டு காது. இவை எல்லாம் ஒரே திசையில் ஓடவில்லை. மரத்தின் நார் ஒரே திசையில்தான் ஓடும். நாருக்குக் குறுக்கே போகும் மெல்லிய உறுப்பு ஒருநாள் உடையும். ஜப்பானிய நெட்சுகேக்களைப் பாருங்கள். இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கும் பைக்குப் பிடிமானமாகச் செய்த, மூன்று நாலு செ.மீ. அளவு உருவங்கள். துணியில் எதுவும் மாட்டக் கூடாது என்பதால் அதில் வரும் விலங்குகள் சுருண்டு, வால் உடம்போடு ஒட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும். மரப்பாச்சியின் கைகள் உடம்போடு ஒட்டியே இருப்பதும் இதே அறிவுதான். சுருண்டு தூங்கும் நாய் உடையாது, செதுக்கவும் சுலபம், பார்ப்பவர் கை தானாக அதன் முதுகைத் தடவும். மனித உருவத்திலும் கையைக் கட்டிக்கொள்ள, பாக்கெட்டில் விட, பின்னால் கோத்துக்கொள்ள வையுங்கள். நீட்டிய கைதான் வேண்டுமென்றால் நார் கையின் நீளவாக்கில் ஓடும் தனித்துண்டில் செய்து பொருத்த வேண்டும். கா-அப்பேரின் கைகளும் அப்படித் தனியாகச் செய்து பொருத்தப்பட்டவைதான்.

நினைவு சுமக்கும் மரமா, செதுக்கத் தோதான மரமா?

உண்மையான இழுபறி இங்கேதான். தாத்தா நட்ட மரம் புயலில் சாய்ந்தது, அதிலேயே அவர் உருவத்தைச் செதுக்கினால் எப்படி இருக்கும்! இடித்த வீட்டின் நிலைக்கால், உடைந்த தொட்டில், பழைய ஊஞ்சல் பலகை எல்லாவற்றிலும் இதே ஆசை வரும். ஆசை நியாயமானது. இன்னொரு பக்கம், செதுக்குவதற்கென்றே உலகமெங்கும் விற்கும் பாஸ்வுட் போன்ற வெளிர் மரங்கள். அவற்றுக்குக் கதை எதுவும் கிடையாது. ஆனால் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும்.

மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா என்றொரு முறை இருக்கிறது. 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி புதையும்வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த எண். பாஸ்வுட்டுக்கு அது 410 பவுண்டு விசை. தேக்குக்கு ஆயிரத்துக்கு மேல். நெட்சுகேக்காரர்கள் விரும்பிய பாக்ஸ்வுட்டுக்கு 2,800ஐத் தாண்டும். ஆரம்பத்தில் கத்தி மட்டும் வைத்துச் செதுக்குகிறவருக்கு 500 வரை சுகம், 800 வரை கை வலியோடு முடியும், அதற்கு மேல் உளியும் கொட்டாப்புளியும் இல்லாமல் இறங்காமலிருப்பது நல்லது. இந்த வரம்புகள் என் கணிப்பு, விதி இல்லை. பாஸ்வுட் கிடைக்காத இடத்தில் குமிழ் நல்ல மாற்று: லேசானது, நார் சீரானது, காய்ந்த பிறகு அதிகம் முறுக்காது. வெட்பாலையும் வெள்ளையாக, நுண்ணிய நாரோடு அருமையாக இருக்கும்.

கடினம் மட்டும் பிரச்சினை என்றால் பொறுமையாகச் செதுக்கிவிடலாம். வீட்டு மரங்களில் வேறு தொல்லைகள் உண்டு. வேம்பு, மா இரண்டிலும் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிக்கொண்டு ஓடும். எந்தப் பக்கத்திலிருந்து வெட்டினாலும் ஓரிடத்தில் சிம்பு பெயரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கருவியின் முனை சீக்கிரம் மழுங்கும். தென்னை, பனை இரண்டையும் மறந்துவிடுங்கள். மென்மையான சோற்றுக்குள் கம்பிபோல் நார்கள் நிற்கும், கத்தியால் அதில் ஒரு மூக்கைக்கூட எடுக்க முடியாது.

அதைவிடப் பெரியது ஈரம். இப்போது வெட்டிய மரம் காயும்போது சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. இந்த ஏற்றத்தாழ்வினால்தான் மையக்குருத்தோடு கூடிய உருண்டைக் கட்டை எப்போதும் ஆரவாக்கில் பிளக்கிறது. தாத்தா மரத்தின் கிளையை அப்படியே உருட்டி வைத்துச் செதுக்கினால், மூன்று மாதம் கழித்து அவர் நெற்றியிலிருந்து மார்புவரை ஒரு வெடிப்பு ஓடும். 15, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சிற்பிகள் லிண்டன் மரத்தில் செய்த பெரிய உருவங்களின் முதுகைக் குடைந்து வெற்றாக்கி வைத்தது இதற்காகத்தான். சிறிய உருவத்தில் அவ்வளவு வேண்டாம். கட்டையை மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, குருத்து இருக்கும் பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு, மீதியை எடுத்தால் போதும். வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி, நிழலில், காற்றோட்டமாகப் போட்டு வைக்க வேண்டும். ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு. அடுத்த மாதம் விழா என்றால் இந்தக் கணக்கில் சாய்ந்த மரம் தேறாது.

பழைய நிலைக்கால், தொட்டில், ஊஞ்சல் பலகையில் ஈரப் பிரச்சினை கிடையாது, நன்றாகக் காய்ந்திருக்கும். அப்படிக் காய்ந்ததே அதன் குறையும்கூட. வைரம் பாய்ந்த பழைய மரம் கத்திக்குக் கல்தான். உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கலாம், ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, குழந்தைக்கான பரிசு என்றால் அந்தத் துண்டையே தவிர்க்க வேண்டும். பொடிப்பொடியாக மாவு கொட்டினால் வண்டு இருக்கிறது என்று பொருள். செதுக்கத் தொடங்கும் முன் இறுக்கமாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுப்பது பயன்படும். அருங்காட்சியகங்களிலும் பூச்சிகளைக் கொல்லக் குளிரைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 20 பாகையாக, இன்னும் சீராக இருக்கும்.

இரண்டில் எதை எடுப்பது? நான் மூன்றாவது வழியைச் சொல்வேன். உருவத்தைச் செதுக்கத் தோதான வெளிர் மரத்தில் செய்யுங்கள். அது நிற்கும் பீடத்தை நினைவு மரத்தில் செய்யுங்கள். பீடத்துக்கு நான்கு வெட்டும் ஒரு இழைப்பும் போதும். பின்னிய நாரோ, கடினமோ, ஒரு சிறு வெடிப்போ அங்கே பெரிய குறையாகத் தெரியாது. பார்க்கப்போனால் அந்தப் பழைய ஆணித்துளை பீடத்தில் அழகு. முகத்தின் நடுவில் அதே துளை வந்தால் யாருக்கும் பிடிக்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு. நினைவு மரமே பலா, மகோகனி மாதிரி நடுத்தரக் கடினமும் ஓரளவு நேரான நாரும் கொண்டதாக, ஏற்கெனவே காய்ந்ததாக இருந்து, உங்களிடம் உளிகளும் இருந்தால், முழு உருவத்தையும் அதிலேயே செய்துவிடுங்கள். அப்படி அமைந்தால் பீட யோசனை தேவையே இல்லை.

வாசனைக்காகவும் நிறத்துக்காகவும் சந்தனம், செம்மரம், ஈட்டி என்று போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். செம்மரமும் ஈட்டியின் பேரினம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஈட்டிப் பேரினம் 2017 ஜனவரியில் ஒட்டுமொத்தமாகச் சேர்க்கப்பட்டது. எல்லை தாண்டும்போது காகிதம் கேட்கக்கூடும். நினைவுப் பொருளைச் சுங்கத்தில் பறிகொடுப்பதற்கு இவ்வளவு உழைக்க வேண்டுமா?

கத்தி, உளி, சுழல் கருவி

உருவமும் மரமும் முடிவான பிறகு இந்தக் கேள்வி சின்னதாகிவிடும் என்றேன் அல்லவா. 15 செ.மீ. தட்டைவெட்டு உருவம், வெளிர் மரம் என்றால் மூன்று நாலு செ.மீ. அலகுள்ள ஒரே ஒரு செதுக்குக் கத்தி போதும். கூடவே முனை ஒடுங்கிய இன்னொரு கத்தி இருந்தால் கண், விரல் இடுக்குகளுக்கு உதவும். வில் ரம்பத்தால் முன்பக்க வரையுருவையும் பக்கவாட்டு வரையுருவையும் அறுத்தெடுத்துவிட்டால் பாதி மரம் தானாகக் கழன்றுவிடும். மீதியை மடியில் வைத்து, கையில் பிடித்துக்கொண்டே செதுக்கலாம். பட்டறையோ சத்தமோ தேவையில்லை. சீவலைப் பெருக்கி எடுத்துவிடலாம். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகும் செய்யக்கூடிய வேலை இது.

கத்தியோடு வாங்க வேண்டியது இரண்டு. மரத்தைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை. கத்தியைத் தன் பக்கம் இழுத்து வெட்டும் கட்டைவிரலுக்குத் தோல் உறை. அப்புறம் ஒரு தோல் வாரும் அதில் பூசப் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசையும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டுகிறது. அழுத்தித் தள்ளும்போது சட்டென்று நழுவும். அரைமணிக்கு ஒருமுறை வாரில் பத்துப் பதினைந்து இழுப்பு இழுத்தால் சாணைக்கல் பக்கமே பல நாள் போக வேண்டியிராது. நாருக்குக் குறுக்கே வெட்டும் இடங்களில் மரம் நொறுங்கினால், தண்ணீரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பாதிக்குப் பாதி கலந்து லேசாகத் தெளித்துப் பாருங்கள். சற்று நேரம் இளகும்.

உளிகள் வேறு உலகம். கடின மரம், மார்பளவு உருவம், புடைப்பு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தவர்களுக்கு உளி கட்டாயம். உளிக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் மரத்தை வேறு ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும்: மேசை, கிளாம்ப் அல்லது வைஸ். உருவத்தின் காலுக்குக் கீழே மூன்று செ.மீ. மரத்தைக் கூடுதலாக விட்டு அதை வைஸில் கவ்வ வைத்து, கடைசியில் அறுத்தெடுப்பது நல்ல வழக்கம். இருபது உளி கொண்ட மலிவான தொகுப்புகள் கண்ணைப் பறிக்கும். வேண்டாம். ஒரு தட்டையான வளைவு, ஒரு ஆழமான வளைவு, ஒரு வி வடிவ உளி என்று மூன்று நல்லதாக வாங்குவதே மேல். வளைந்த வாய்க்குச் சாணை பிடிப்பது தனியாகக் கற்க வேண்டிய கலை, அதற்கும் நேரத்தை ஒதுக்குங்கள்.

சுழல் கருவிக்கு ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேல் ஓடும் முனை, நார் எந்தத் திசையில் ஓடினால் என்ன என்று தேய்த்துக்கொண்டே போகும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். பின்னிய நாருள்ள வேம்பில் முகம் எடுக்க வேண்டுமென்றால் நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் கத்தி சீவலைத் தருகிறது, இது மாவுபோன்ற தூசியைத் தருகிறது. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்துவிட்டது. துணி முகமூடி போதாது. சரியான வடிகட்டி உள்ள முகமூடியும் தூசி உறிஞ்சியும் வேண்டும். குழந்தைகள் படுக்கும் அறையில் இது கூடாது. இன்னொன்று, தேய்த்துச் செய்த உருவம் எல்லாப் பக்கமும் வழவழப்பாக, சோப்பு கரைந்தது மாதிரி இருக்கும். கத்தி முகப்புகள் தரும் கறார் வராது. முழுச் சாயலோடு வழவழப்பான உருவம்தான் வேண்டும் என்றால் கணினியில் மாதிரி செய்து இயந்திரத்தில் கடைந்து வாங்கிவிடலாம், அது வேறு வகைப் பரிசு.

எந்தக் கருவியாக இருந்தாலும் உப்புத்தாளைக் கடைசிவரை தொடாதீர்கள். அதன் மணல்துகள் மரத்தில் புதைந்துகொள்ளும். பிறகு கத்தியை வைத்தால் முனை போய்விடும். தட்டைவெட்டு உருவத்துக்கு அது தேவையே இல்லை.

நிறம் பூசலாமா?

இந்தச் சண்டை பழையது. ஜெர்மன் சிற்பி டில்மன் ரீமென்ஷ்னைடர் 1490களின் தொடக்கத்தில் முன்னர்ஸ்டாட் நகரத் தேவாலயத்துக்கு லிண்டன் மரத்தில் ஒரு பெரிய பலிபீடச் சிற்பத் தொகுதியைச் செய்தார். அந்தக் காலத்தில் மரச்சிற்பம் என்றால் வண்ணம் பூசியே ஆக வேண்டும். அவரோ மரத்தின் நிறத்தையே காட்டும் ஒரு மெல்லிய பூச்சோடு விட்டுவிட்டார். நகரத்தாருக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வைட் ஸ்டாஸ் என்ற இன்னொரு பெரிய சிற்பியை வைத்து அதற்கு வண்ணம் தீட்டினார்கள்.

சிறிய நினைவு உருவத்தில் நான் வண்ணத்தின் பக்கம் சாய்வேன், ஆனால் அரைகுறையாக. அக்ரிலிக்கைத் தண்ணீராக இளக்கி, மரத்தின் நார் தெரியும்படி ஒரே ஒரு பூச்சு. காரணம், நிழலுருவத்துக்கு அடுத்தபடியாக ஆளை அடையாளம் காட்டுவது நிறம்: அவர் வழக்கமாக உடுத்தும் நீலச்சட்டை, நாயின் ஒரு காதில் மட்டும் இருந்த கறுப்பு. அதை விட்டுவிட்டு முகத்தில் சுருக்கம் செதுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. பூசுவதற்கு முன் உருவத்தைச் சோப்புத் தண்ணீரிலும் பழைய பல் துலக்கியிலும் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். வாரக்கணக்கில் கையில் பிடித்த அழுக்கும் பென்சில் கோடும் போய்விடும்.

வெறும் எண்ணெய் வேண்டும் என்பவர்கள் மரத்தின் வெட்டுமுனையைக் கவனிக்க வேண்டும். நிற்கும் உருவத்தில் உச்சந்தலை, தோள்களின் மேற்பகுதி, தாடையின் அடிப்பகுதி எல்லாம் நாரின் வெட்டுமுனைகள். அவை எண்ணெயைக் குடித்துக் கறுத்துவிடும். ஆளி எண்ணெய்க்கு முன் அரக்கு பாலிஷை மிக நீர்த்து ஒரு கை பூசினால் ஓரளவு சமமாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூட்டில் சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். வண்ணம் பூசினாலும் இல்லாவிட்டாலும் கடைசியில் தேன்மெழுகு தேய்த்தால் தொடுவதற்கு இதமாக இருக்கும். வெளிர் மரம் வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சளாகும், அதைத் தடுக்க முடியாது. நேர் வெயிலில் வைக்காமலிருந்தால் மெதுவாக ஆகும்.

பெயரும் தேதியும்

உருவத்தின் நெஞ்சிலோ பீடத்தின் முகப்பிலோ பெரிதாகப் பெயர் எழுதுவதை நான் விரும்புவதில்லை. பரிசுக் கோப்பை ஆகிவிடும். அடிப்பக்கம் போதும். எழுத்தை வி வடிவப் பள்ளமாகச் செதுக்கும் வி வெட்டு முறை தமிழுக்கு அவ்வளவாக ஒத்துவராது. நேர்கோடுகளால் ஆன எழுத்துகளில் அது கச்சிதமாக வரும். நம் எழுத்துகளின் சுழிகளில் கத்தி நாரின் போக்கை ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும். 'ஞ', 'ணை' போன்றவற்றின் நடுவில் நிற்கும் சிறு மரத்தீவு பெயர்ந்து வந்துவிடும். எழுத்து இரண்டு செ.மீ. உயரம் இருந்தால் தாங்கும், உருவத்தின் அடியில் அதற்கு இடமிருக்காது. சுடு பேனாவால் பொறிப்பது நம் எழுத்துக்கு நல்லது. அது இல்லாவிட்டால் பென்சிலாலேயே எழுதி மேலே மெழுகு பூசலாம், கிராஃபைட் மங்காது. மையால் எழுதுவதென்றால் முதலில் ஒரு கை அரக்கு பாலிஷ் பூசி அடைத்த பிறகு எழுதுங்கள். வெறும் மரத்தில் மை நாரோடு ஓடிப் பரவும். பீடம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்ல ஆள் இருக்காது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் பீடத்தில் பட்டையை அழகுக்காக விட்டுவைக்காதீர்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மரப்பொருளில் பட்டையோ பூச்சித் துளையோ இருந்தால் உயிர்க்காப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, ஈரப்பதமான ஊரிலிருந்து வறண்ட ஊருக்குப் போகும் மரம் அங்கே போய் மறுபடியும் கொஞ்சம் சுருங்கும். அதனால் உருவத்தைப் பீடத்தோடு பசை போட்டு முழுதாக ஒட்டாமல், அடியிலிருந்து ஒரே ஒரு திருகாணியால் பிணையுங்கள். இரண்டு மரமும் வெவ்வேறு அளவில் சுருங்கினாலும் எதுவும் பிளக்காது. திருகாணித் துளையை ஒரு நூல் பெரிதாகவே போடுங்கள்.